ஒரே பேஸ் கிட்டார், மூன்று செட் தட்டைக் கம்பிகள்

எங்கள் குழுவில் பாடுகிற பெண் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நான் மூச்சு இழுக்கிற இடத்திலெல்லாம் உங்கள் விரலும் ஒரு மூச்சு இழுக்கிறது. எது என்னுடையது என்றே தெரியவில்லை."

திரும்பப் போட்டுக் கேட்டேன். மெதுவான பாட்டு. ஏ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டிலிருந்து (நெக் எனும் கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) எட்டாவது ஃபிரெட்டுக்குக் கை நகர்கிற இடம் பல்லவியில் நான்கு முறை வருகிறது. நான்கு முறையும் ஒரு 'சர்க்'. மேடையில் டிரம்ஸ் சத்தத்துக்குள் காணாமல் போய்விடுகிற ஒலிதான். குரலும் பேஸும் மட்டும் இருக்கிற பதிவில் அதற்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. கையை மெதுவாக நகர்த்திப் பார்த்தேன், தூக்கி வைத்துப் பார்த்தேன். சத்தம் குறைந்தது, அதோடு வாசிப்பின் ஓட்டமும் போய்விட்டது. அன்றுதான் ஃபிளாட்வவுண்ட் என்கிற தட்டைக் கம்பிகளைப் பற்றி முதல்முறையாகக் கவலையோடு யோசித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று செட்களை ஒரே பேஸில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் வைத்து வாசித்திருக்கிறேன். ஒவ்வொன்றைப் பற்றியும் நோட்டில் குறித்து வைத்தேன். எந்தக் கம்பி நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் அதன் ஒலி எப்படி என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது முதலில் பார்ப்பது இழுவிசையை.

கம்பியின் அமைப்பிலிருந்து தொடங்குகிறேன். பேஸ் கம்பியின் நடுவே ஓர் எஃகு இழை இருக்கிறது. அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். மேலே சுற்றுவது உருண்டையான கம்பி என்றால் ரவுண்ட்வவுண்ட். விரல் நகத்தால் கீறினால் மேடு பள்ளம் தெரியும். அந்த மேடுகளின்மீது விரல் ஓடும்போது எழுவதுதான் என் பதிவில் கேட்ட 'சர்க்'. தட்டையான நாடா போன்ற உலோகத்தைச் சுற்றினால் ஃபிளாட்வவுண்ட். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் ஒரே வழவழப்பான தண்டுபோல் இருக்கும். நாடாவின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் கம்பி அதிரும்போது மேல் ஸ்வரங்களின் கூர்மை சீக்கிரம் அடங்கிவிடுகிறது. அடிநாதம் முன்னே வந்து நிற்கிறது. ஃபிரெட்கள் தேய்வதும் குறைவு. ஃபிரெட் இல்லாத பேஸ் வாசிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். அவர்களுடைய விரல்பலகை மரத்தை ரவுண்ட்வவுண்ட் அரம்போல அராவிவிடும்.

ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தபோது தட்டைக் கம்பிதான் வழக்கம். கம்பி தயாரிக்கிற ரோட்டோசவுண்ட் நிறுவனமும் தி ஹூ குழுவில் பேஸ் வாசித்த ஜான் என்ட்விசிலும் சேர்ந்து பியானோ போலக் கணீரென்று ஒலிக்கிற ரவுண்ட்வவுண்ட் கம்பியை உருவாக்கியது 1966-ல். ஆகவே அதற்கு முந்தைய பதிவுகளில் கேட்கிற மின் பேஸ் பெரும்பாலும் தட்டைக் கம்பியின் குரல். மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பயன்படுத்தியது லா பெல்லாவின் கனமான செட்: 52, 73, 95, 110. (இந்த எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, முதலில் வருவது ஜி கம்பி, கடைசியில் ஈ.) பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) மூடியின் உட்புறம் நுரைப் பஞ்சு, வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். கம்பி அறுந்தாலொழிய அவர் மாற்றியதில்லை. அதே காலத்துப் பதிவுகளில் பேஸ் வாசித்த கரோல் கே, பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசித்தார். பிரிட்ஜுக்கு அருகே கம்பிகளின் மேல் ஃபெல்ட் துண்டை ஒட்டிக்கொண்டார். இவர்கள் இருவரையும் கேட்டுக் கேட்டுத் தட்டைக் கம்பி என்றால் பழைய, மங்கலான, 'தும்' என்று முடிகிற ஒலி என்று என் மனதில் பதிந்திருந்தது. பிறகுதான் அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பதும் தட்டைக் கம்பி என்று தெரிந்தது: ரோட்டோசவுண்டில் அவர் பெயரிலேயே வருகிற 50, 75, 95, 110 செட். குதிரை ஓட்டம்போல் தடதடக்கிற, உலோகம் உலோகத்தில் மோதுகிற அந்த ஒலி! அப்படியென்றால் 'மங்கலானது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கம்பி வாங்க முடியாது என்று புரிந்தது.

முதலில் போட்டது டாடாரியோ குரோம்ஸ், 45, 65, 80, 100. எஃகு நாடா, கண்ணாடிபோல் மெருகேற்றியது. முதல் நாள் ஒலியைக் கேட்டு எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. கொஞ்சம் பழசாகிப்போன ரவுண்ட்வவுண்ட் போலவே பளிச்சென்று இருந்தது. ஆனால் 'சர்க்' இல்லை. அதே பல்லவியை வாசித்துப் பதிந்தேன். நான்கு இடங்களிலும் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது.

இந்த செட்டைப் போடும்போது ஒரு தவறு செய்தேன், அதை விவரமாகவே சொல்கிறேன். ஈ கம்பியை நீளம் பார்த்து, இடுக்கியால் நேராக வெட்டிவிட்டு, நுனியை ட்யூனர் தண்டுக்குள் விட்டேன். தட்டைக் கம்பியை அப்படி வெட்டக் கூடாது. வெட்டிய முனையில் நாடாவைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் சுற்று உள்ளுக்குள் தளர்ந்துவிட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வாசித்தால் ஸ்வரம் பிறந்த இடத்திலேயே செத்தது; பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எழுப்பினால் ஒரு பக்கம் சுருதி, ஒரு பக்கம் அபசுரம். ஒரு வாரம் ஆம்பை, வயரை, பிக்அப்பைச் சந்தேகப்பட்டேன். இப்போது செய்வது இதுதான்: ட்யூனர் தண்டைத் தாண்டி ஏறக்குறைய நான்கு விரல் அளவு விட்டு, அந்த இடத்தில் கம்பியைச் செங்கோணமாக மடக்குகிறேன். மடிப்பு நன்றாக இறுகிய பிறகு, மடிப்புக்கு அப்பால்தான் வெட்டுகிறேன். அந்த மடிப்புதான் நாடாவைக் கட்டிவைக்கிறது.

புது ஈ கம்பி வந்து சேர்ந்த பிறகு வேறொன்று தெரிய ஆரம்பித்தது. ஒலி எனக்குப் பிடித்துப்போனது, இடது கை மோதிர விரல் வலித்தது. முன்பு போட்டிருந்த ரவுண்ட்வவுண்டும் ஏறக்குறைய இதே தடிமன்தான். பிறகு ஏன் இவ்வளவு விறைப்பு?

விடை எளிமையானது. கம்பியின் நீளமும் (பெரும்பாலான பேஸ்களில் 34 அங்குலம்) சுருதியும் மாறாதபோது, இழுவிசையை முடிவு செய்வது ஒவ்வோர் அங்குலக் கம்பியின் எடை மட்டுமே. உருண்டைக் கம்பியைச் சுற்றினால் சுற்றுகளுக்கு இடையே காற்று இருக்கிறது. தட்டை நாடாவில் அந்த இடைவெளியும் உலோகம்தான். அதனால் ஒரே தடிமனில் தட்டைக் கம்பி பொதுவாகக் கனமாக இருக்கும். அதே சுருதிக்கு வர அதிகம் இறுக்க வேண்டும். உள் இழை எவ்வளவு, மேல் சுற்று எவ்வளவு, எந்த உலோகம் என்பதைப் பொறுத்துத் தட்டைக் கம்பிகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் வரும். அட்டையில் அச்சிட்டிருக்கும் 45, 105 என்ற எண்கள் தடிமனைச் சொல்கின்றன, விரலுக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்வதில்லை. சில தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு கம்பியின் இழுவிசையையும் தனியாக வெளியிடுகிறார்கள். எனக்கு அந்த அட்டவணைதான் முதல் பக்கம்.

அட்டவணையில் எண்ணைப் பார்த்தால் விரலுக்கு எப்படிப் புரியும் என்று கேட்கலாம். அதற்கு நான் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி செலவில்லாதது. இப்போது பேஸில் இருக்கிற கம்பிகள் நான்கையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் சுமார் 21 சதவீதம். இரண்டு நாள் அப்படியே வாசியுங்கள். கை நிம்மதி அடைந்தால் உங்களுக்கு வேண்டியது இளகிய செட். வலது கை அடிக்கும்போது கம்பி ஃபிரெட்டில் மோதிக் கடகடத்து, நீங்கள் எரிச்சலடைந்தால் விறைப்பானதுதான் உங்களுக்கு. நான் அரை ஸ்வரம் இறக்கிய அன்று மாலையே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆகவே இரண்டாவது செட், வியன்னாவின் தாமஸ்டிக் இன்ஃபெல்ட் ஜாஸ் ஃபிளாட்ஸ். 43, 56, 70, 100. இந்த எண்களைப் பார்த்ததும் அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். மற்றவர்களின் ஏ கம்பி 80, 85 என்று இருக்கும்போது இதில் 70. இது நிக்கல் நாடா. கையில் எடுத்தபோதே வளைவது தெரிந்தது. போட்டு முடித்து, முதல் முறை தட்டியபோது கம்பி கைக்கு அடியில் ஆடியது. இது கயிறா கம்பியா என்று தோன்றியது. இழுவிசை குறைந்ததால் நெக் பின்னுக்குச் சாய்ந்துவிட்டது, முதல் நான்கு ஃபிரெட்களில் ஒரே கடகடப்பு. ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதன் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி) தளர்த்தி, முதல் ஃபிரெட்டையும் நெக் உடலோடு சேரும் இடத்தையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட்களுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி வருகிறவரை சரிசெய்தேன்.

அதன்பிறகும் இரண்டு வாரம் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. மாற வேண்டியிருந்தது என் வலது கை. அடிப்பதை விட்டுத் தொட ஆரம்பித்தேன். ஆம்பின் ஒலியைக் கூட்டிவிட்டு, விரலின் பலத்தைப் பாதியாக்கினேன். அப்போது அந்தக் கம்பி பேச ஆரம்பித்தது. அதைப் பேச்சு என்றுதான் சொல்ல முடிகிறது. ஸ்வரம் தொடங்கிய பிறகு 'ஆ' என்று வாய் திறப்பதுபோல் நடுப்பகுதி மலர்கிறது. டி கம்பியில் ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் அது பாடுகிற விதத்தை வேறு எந்தத் தட்டைக் கம்பியிலும் நான் கேட்டதில்லை. அந்தப் பெண்ணின் மெதுவான பாட்டை முழுவதும் இந்தச் செட்டில்தான் மறுபடி பதிந்தோம். மோதிர விரல் வலி போன இடம் தெரியவில்லை.

ஆனால் முழுக் குழுவோடு வாசித்தபோது என்னை எனக்கே கேட்கவில்லை. எங்கள் டிரம்ஸ் அண்ணா பலமாக வாசிப்பவர். பாட்டு சூடேறினால் என் வலது கையும் பழைய பழக்கத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும்; உடனே கடகடப்பு. "நீ கடைசி இரண்டு பாட்டில் வாசித்தாயா இல்லையா?" என்று அவர் உண்மையான சந்தேகத்தோடு கேட்டார். எட்டு மாதம் முயன்றேன். அதற்குமேல் கையை மாற்ற முடியவில்லை.

மூன்றாவது, லா பெல்லா டீப் டாக்கிங் பேஸ், இலகு செட்: 43, 60, 82, 104. ஜேமர்சனின் கனமான செட் அல்ல. அந்தத் தடிமனை என் பேஸின் நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் கட்டை) பள்ளங்களே ஏற்காது, அராவ வேண்டியிருக்கும். விறைப்பில் இது முதல் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது, குரோம்ஸுக்குக் கொஞ்சம் அருகில். ஒலியில் அடிநாதம் கனமாக, தரையில் குதிகால் ஊன்றுவதுபோல் இறங்குகிறது. கிக் டிரம்மோடு சேர்ந்து விழும்போது இரண்டும் ஒரே வாத்தியமாகிவிடுகின்றன.

இனி, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிற விஷயம். மூன்று செட்களிலும் ஒரே எட்டு தாளக்கட்டு வரியை, ஒரே வயர் வழியாக, டோன் குமிழ் முழுவதும் திறந்த நிலையில் ஒரு முறை, பாதி மூடி ஒரு முறை என்று முதல் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் பதிந்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாவிடம் கணினியைக் கொடுத்து, எது எந்தச் செட் என்று எனக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். முதல் நாள் பதிவுகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. முப்பதாம் நாளில் தடுமாறினேன். தொண்ணூறாம் நாள், டோன் பாதி மூடிய பதிவுகளில் தாமஸ்டிக்கை மட்டும் தனியாகப் பிரிக்க முடிந்தது. குரோம்ஸையும் லா பெல்லாவையும் ஆறு முறையில் மூன்று முறை மாற்றிச் சொன்னேன். குருட்டாம்போக்கில் சொன்னாலும் அவ்வளவுதான் வரும்.

ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுப் பேஸைக் கையில் கொடுத்தால் எந்தச் செட் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். விரலுக்கு அந்த வித்தியாசம் தொண்ணூறு நாளிலும் தேயவில்லை, இருநூறு நாளிலும் தேயவில்லை. நாம் படிக்கிற, கேட்கிற ஒப்பீடுகள் பெரும்பாலும் உறை பிரித்த அன்றே செய்தவை. தட்டைக் கம்பியோ ஆண்டுக்கணக்கில் பேஸில் இருக்கப்போகிறது. விரல் எண்ணெயும் வியர்வையும் ஏறி, முதல் நாள் பளபளப்பு அடங்கி, தன் நிரந்தரக் குரலுக்கு வர வாரங்கள் ஆகும். அந்த முதல் வாரத்து ஒலியைக் கேட்டு அவசரப்பட்டு ஒரு செட்டைக் கழற்றி விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். புதிதில் விரலில் லேசாக ஒட்டுவதுபோல் இருக்கும், அதுவும் போய்விடும்.

ஃபிளாட்வவுண்டுக்கும் ரவுண்ட்வவுண்டுக்கும் நடுவே, சுற்றிய பிறகு மேல்புறத்தைத் தேய்த்துச் சமப்படுத்திய வகை உண்டு. நைலான் நாடா சுற்றியவையும் உண்டு. இரண்டையும் நண்பர்கள் பேஸில் சற்று நேரம்தான் வாசித்திருக்கிறேன், அபிப்பிராயம் சொல்கிற அளவுக்கு இல்லை. கட்டை விரலால் தட்டி வாசிப்பதே உங்கள் பாணி என்றால் ரவுண்ட்வவுண்டிலேயே இருங்கள்.

வாங்குமுன் கவனிக்க இன்னும் ஒன்று. தட்டைக் கம்பிகளின் இரு முனைகளிலும் பெரும்பாலும் வண்ணப் பட்டு நூல் சுற்றியிருக்கும். அது சேடிலுக்கும் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடம்) நட்டுக்கும் வெளியே நிற்க வேண்டும். அதிர்கிற பகுதிக்குள் வந்தால் ஸ்வரம் அடைத்துப்போகும். பந்து முனையிலிருந்து (பிரிட்ஜில் மாட்டும் முனை) நட் வரை அளந்து, செட்டின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடலைத் துளைத்துப் பின்புறமாகக் கம்பி போடுகிற பேஸ் என்றால், தட்டைக் கம்பியை அப்படி மடக்கிப் போட வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். மடங்குகிற இடத்தில் நாடா விரியும்.

லா பெல்லா என் பேஸில் ஏறி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தாமஸ்டிக் செட்டைத் தூக்கி எறியவில்லை. சுருட்டி, உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருக்கிறேன். அதே பேஸில் மறுபடி போட்டால் பழைய மடிப்புகள் அப்படியே ட்யூனரில் உட்கார்ந்துகொள்ளும்.

போன வாரம் அந்தப் பெண் வந்தாள். தொண்டை சரியில்லை, புதுப் பாட்டை அரை ஸ்வரம் இறக்கிப் பாடலாமா என்று கேட்டாள். விரல் இடங்களை மாற்றிக்கொள்வதற்குப் பதிலாக நான்கு கம்பிகளையும் இறக்கினேன். முதல் வரி வாசித்ததும் நிறுத்திவிட்டேன். லா பெல்லாவின் அடிநாதம் அப்படியே இருக்கிறது, விரலுக்குக் கீழே கம்பி கொஞ்சம் இளகி, டி கம்பியில் அந்த 'ஆ' எட்டிப் பார்க்கிறது. "என்ன அக்கா, ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்றாள். இன்னொரு முறை வாசிக்கிறேன், நீ பாடாமல் கேள் என்றேன்.

அவள் தொண்டை இப்போது சரியாகிவிட்டது. பேஸ் இன்னும் அந்த அரை ஸ்வரம் கீழேதான் இருக்கிறது. அண்ணாவிடமும் சொல்லிவிட்டேன், இந்த மாதம் எல்லாப் பாட்டும் இதிலேயே. ட்ரஸ் ராடைக் கால் திருப்பு தளர்த்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.